பிள்ளைகளுக்கு நம் ஊரின் நிலத்தை எப்படிக் காட்டுகிறீர்கள்?

தோபாயோ அப்பா (சனி, இரவு 9.40)

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது, தொடக்கநிலை 4. போன வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "நம்ம ஊர்ல என்னென்ன ஆறு ஓடுது, சொல்லு" என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: "சிங்கப்பூர் ஆறு. மெர்லயன் இருக்கிற இடம்." வேறு? "வேற இல்லப்பா."

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், தோபாயோ லோரோங் 8 பக்கம். கொஞ்ச தூரம் நடந்தால் காலாங் ஆறு. இந்தத் தீவிலேயே நீளமான ஆறு அதுதான், சுமார் 10 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஆறு 3 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பள்ளிப் பேருந்தில் என் மகள் தினமும் இரண்டு முறை காலாங் ஆற்றைக் கடக்கிறாள். அவளுக்கு அது "பெரிய லோங்காங்", அதாவது பெரிய சாக்கடை.

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் சிமென்ட் கரை, கம்பித் தடுப்பு. அதை ஆறு என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? நானே சொன்னதில்லை. அண்டை நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிக்கிறாள். வரைபடத்தில் வட்டாரங்களுக்கு அழகாக வண்ணம் தீட்டுகிறாள். காலடியில் மேடு எது, பள்ளம் எது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

இன்று மதியம் மழை விட்டதும் அவளைக் கீழே கூட்டிப்போனேன். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு முன்னால் இருக்கும் மரத்தடியில் ஒரு மஞ்சள் இலையைப் பொறுக்கி, ஓரத்துச் சின்ன வடிகாலில் போட்டாள். இலையின் பின்னாலேயே நடந்தோம். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பிச் சட்டத்துக்குக் கீழே காணாமல் போனது. ஓடிப்போய் அடுத்த திறப்பில் குனிந்து காத்திருந்தாள். வந்தது! அடுத்து கொஞ்சம் அகலமான வாய்க்கால், அப்புறம் அதைவிட ஆழமானது. கடைசியில் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், பழுப்பு நிறத்தில் வேகமாக ஓடும் காலாங். அங்கே எங்கள் இலையை அடையாளம் காண முடியவில்லை.

"இனிமே எங்க போகும்?"

மரினா நீர்த்தேக்கத்துக்கு. 2008இல் மரினா அணை கட்டியபின் இந்தத் தண்ணீர் நேரே கடலில் கலப்பதில்லை, தேங்கி நிற்கிறது. சுத்திகரித்து நம் குழாய்க்கு அனுப்புகிறார்கள். சொன்னதும் அப்படியே நின்றுவிட்டாள். "நம்ம புளோக் மழைத் தண்ணியையா நாம குடிக்கிறோம்?" வீட்டுக்கு வந்ததும் பாட்டிக்குப் போன் செய்து அதைத்தான் முதலில் சொன்னாள்.

உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் எதைக் காட்டினீர்கள்? ஆசிரியர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

வகுப்பறை ஜன்னல் (சனி, இரவு 11.05)

அண்ணா, நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் முப்பது பிள்ளைகளை மழைக்குப் பிறகு வாய்க்கால் ஓரமாக அழைத்துச் செல்ல எந்தப் பள்ளியும் எளிதில் சம்மதிக்காது. பெற்றோர் கையொப்பம், பாதுகாப்புப் படிவம், கூட இன்னொரு பெரியவர் என்று எத்தனையோ உண்டு. சமூக அறிவியல் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கிறது. எனக்குக் கிடைப்பது தமிழ்ப் பாடவேளை மட்டும்தான்.

அதனால் பள்ளிக் கதவுக்குள்ளேயே நிலத்தைக் காட்டுகிற வழி தேடினேன். கிடைத்தது ஒரு குச்சி.

ஒரு மீட்டர் குச்சியைத் திடலில் நேராக நட்டு, மதியம் 12.50 முதல் 1.10 வரை நிழலைக் குறிப்போம். மார்ச் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் நிழல் குச்சியின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஜூலை முதல் வாரத்தில் நிழல் தெற்கே விழும், சுமார் 40 சென்டிமீட்டர். நவம்பர் தொடக்கத்தில் வடக்கே, சுமார் 30. அதே குச்சி, அதே இடம், நிழல் மட்டும் பக்கம் மாறுகிறது! ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது, நவம்பரில் தெற்கே. நிலநடுக்கோட்டுக்கு வெறும் 137 கிலோமீட்டர் வடக்கே நாம் இருக்கிறோம் என்பதைப் பாடநூலில் படிப்பதற்கும், நிழல் திரும்புவதைப் பார்ப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், உச்சிவெயில் 12 மணிக்குத்தானே? ஏன் 1 மணிக்கு நிழல் சின்னதாகுது?" நல்ல கேள்வி. நாம் இருக்கும் தீர்க்கரேகைப்படி கிரீன்விச்சைவிடச் சுமார் 7 மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். 1982 முதல் நம் கடிகாரம் 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தை வைத்தபோது நாமும் அரை மணி முன்னே தள்ளிவைத்தோம். ஆகவே நம் உச்சிப்பொழுது 1 மணியை ஒட்டி வருகிறது. காலை 7 மணிக்கு ஏன் இன்னும் இருட்டு என்று தினம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேருந்து ஏறும் பிள்ளைகளுக்கு, அன்றுதான் காரணம் தெரிந்தது.

நெய்தல் (ஞாயிறு, காலை 7.20)

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பல ஆண்டுகளுக்கு முன் செய்ததைச் சொல்கிறேன்.

உயர்நிலை 1 மாணவர்களிடம் ஐந்திணையை விளக்கிவிட்டு, "சிங்கப்பூரில் எது எந்தத் திணை?" என்று வரைபடத்தைக் கொடுத்தேன். புக்கிட் தீமாவைக் குறிஞ்சி என்றார்கள். உயரம் 164 மீட்டரை எட்டாது என்றாலும் நமக்கு இருப்பதில் அதுதான் உச்சி. மெக்ரிச்சி, பியர்ஸ் நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த காடு முல்லை. கிராஞ்சி, லிம் சூ காங் பண்ணைகள் மருதம். நெய்தலுக்குத்தான் சண்டை. சாங்கியா, பாசிர் ரிசா, ஈஸ்ட் கோஸ்ட்டா என்று பாடவேளை முடிகிறவரை பேசினார்கள்.

பாலை எங்கே என்றதும் வகுப்பு அமைதியானது. முல்லையும் குறிஞ்சியும் வளம் திரிந்தால் பாலை என்பது பழைய விளக்கம் அல்லவா? ஒரு மாணவி எழுந்து, "புக்கிட் தீமாவுக்குப் பக்கத்துல கல் உடைச்ச பள்ளம் இருக்கு, அதுதான் பாலை. குறிஞ்சியை மனுஷங்க வெட்டினதால வந்த பாலை" என்றாள். ஹின்ட்ஹீட் கற்சுரங்கத்தைச் சொன்னாள். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நிலத்தடியில் உறைந்த கருங்கல் அது. அதை உடைத்துத்தான் நம் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. இப்போது அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து, பாறை விளிம்பில் மரங்களும் முளைத்துவிட்டன. "அப்போ பாலை திரும்ப முல்லையா மாறுதா?" என்று இன்னொருவன் கேட்டான். இவ்வளவு நல்ல நிலவியல் வகுப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் எடுத்ததில்லை.

ஊர்சுற்றி (ஞாயிறு, காலை 10.15)

அம்மா, மிக அழகாகச் சொன்னீர்கள். ஆனால் ஒன்றில் நான் மாறுபடுகிறேன். திணை என்றால் நிலம் காலகாலமாக அப்படியே இருக்கும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. நம் ஊரில் நிலமே நகர்ந்திருக்கிறது. 1960களில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. சண்டை போட்டார்களே, அந்த ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை அவர்களின் தாத்தா சிறுவனாக இருந்தபோது கிடையவே கிடையாது. சிக்லாப், தெம்பனிஸ் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை ஓடும் பட்டைகளில் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள். அதாவது குறிஞ்சியைக் கரைத்து நெய்தலை நகர்த்தியிருக்கிறார்கள். மரின் பரேட் அடுக்குமாடிகள் நிற்பது அந்த மண்ணின் மேல்தான்.

தெலுக் ஆயர் தெருவில் உள்ள நாகூர் தர்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-1830இல் கட்டியது. வாசலில் நிற்கச் சொல்லி, "கடல் எங்கே?" என்று கேளுங்கள். சுற்றிலும் வங்கிக் கோபுரங்கள்தான் தெரியும். பிறகு சொல்லுங்கள்: இந்தத் தெருதான் அன்றைக்குக் கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லத்தான் தர்காவும், சற்றுத் தள்ளி இருக்கும் சீனக் கோயிலும் கடலைப் பார்த்து எழுந்தன. தெலுக் என்றால் மலாயில் குடா. பெயரில் மட்டும் குடா மிச்சம் இருக்கிறது.

நான் என் அக்காள் மகனிடம் இதைச் செய்தேன். அவன் குனிந்து நடைபாதையைத் தொட்டுப் பார்த்தான்.

கும்பகோணத்து வீடு (ஞாயிறு, மதியம் 1.30)

நாங்கள் இங்கே வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் ஆசையோடு படித்தேன். ஆனால் எனக்கு ஒரு தயக்கம். பையனிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் கும்பகோணம் என்பான். இரண்டே முறைதான் போயிருக்கிறான். காவிரியையே அவனுக்கு இன்னும் சரியாகச் சொல்லித்தரவில்லை. அதற்குள் காலாங்கைச் சொன்னால் குழம்பிவிட மாட்டானா? எந்த ஊர் மண்ணை முதலில் காட்டுவது? உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறேன்.

தோபாயோ அப்பா (ஞாயிறு, மாலை 4.10)

உங்கள் கேள்வி எங்கள் வீட்டிலும் இருந்ததுதான். என் தாத்தா மன்னார்குடிப் பக்கம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

காவிரி குடகு மலையில் பிறந்து பூம்புகாரில் கடலைச் சேர்கிறது, சுமார் 800 கிலோமீட்டர். அதைத் தலை முதல் கால் வரை கண்ணால் பார்த்த பிள்ளை எத்தனை பேர் இருப்பார்கள்? கும்பகோணத்தில் வளர்கிற பிள்ளையும் காவிரியில் ஒரு துண்டைத்தான் பார்க்கும். இங்கே அப்படி இல்லை. காலாங்கின் தொடக்கம் கீழ்ப் பியர்ஸ் நீர்த்தேக்கம். 1922 வரை அதற்குக் காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றுதான் பெயர். காலையில் அங்கே கிளம்பினால், ஒன்பது வயதுப் பிள்ளைகூட ஓய்வெடுத்து ஓய்வெடுத்து, மாலைக்குள் ஆற்றின் வாய்க்கே போய்விடலாம். ஓர் ஆற்றை முழுதாகப் பார்க்கிற பாக்கியம் பெரிய நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. ஊர் சின்னது, ஊர் சின்னது என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல அளவு ஏது?

காலாங்கைக் காலால் அளந்த பிறகு உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: "காவிரி, எண்பது காலாங்." அப்போதுதான் காவிரி எவ்வளவு பெரியது என்பது அவன் காலுக்கே புரியும். குழப்பம் வராது.

முத்துப்பேட்டைக்காரன் (ஞாயிறு, இரவு 8.55)

எண்பது காலாங்! இதை என் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லப்போகிறேன்.

இரண்டு மண்ணையும் சேர்த்துக் காட்டலாம் என்பதற்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரிலிருந்து வந்த என் தகப்பனாரைப் பிள்ளைகளோடு பாசிர் ரிஸ் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். மரப்பலகை நடைபாதையில் பத்தடி போனதும் நின்றுவிட்டார். கடல் வற்றியிருந்த நேரம். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. "அட, இது நம்மூரு அலையாத்தியில்ல!" என்றார்.

அன்றைக்கு என் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தது அவர்தான். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால்தான் வேர் மூச்சுவிட மேலே வருகிறது. அலை வேகமாக வந்தாலும் இந்தக் காட்டுக்குள் புகுந்தால் அடங்கிப்போகும். குஞ்சு மீனும் நண்டும் இறாலும் இங்கேதான் வளரும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகு தள்ளிய கை அவருடையது. சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீனைப் பார்த்துச் சின்னவன் கத்தியதும், "சத்தம் போடாத, வளைக்குள்ள போயிடும்" என்று உட்காரவைத்தார். நாங்கள் மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். திரும்பும்போது கடல் ஏறி, வேர்கள் பாதி முங்கியிருந்தன. ஓதம் ஏறுவதையும் வற்றுவதையும் எந்தப் படத்தாலும் இப்படிக் காட்ட முடியாது.

பிள்ளைகள் அதுவரை அந்த மரங்களுக்கு மாங்குரோவ் என்ற ஆங்கிலப் பெயர் மட்டுமே அறிந்திருந்தார்கள். சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்கும் பிறகு போனோம். சின்னவன் வழிகாட்டியிடமே "இது அலையாத்தி" என்றான்.

பெயர் தேடி (திங்கள், காலை 8.05)

இடப்பெயர்களை யாரும் அதிகம் தொடவில்லையே. எம்ஆர்டி ரயில் வரைபடம் ஒன்றே போதும், நிலவியல் நூல் மாதிரி. பெயர்களில் பல மலாய்ச் சொற்கள்: புக்கிட் குன்று, சுங்கை ஆறு, பாசிர் மணல், தஞ்சோங் முனை, பாயா சதுப்பு. பாயா லேபார் என்றால் அகன்ற சதுப்பு. தோபாயோவும் பெரிய சதுப்புதான். பொத்தோங் பாசிர் மணல் வெட்டிய இடம். தஞ்சோங் ரூ, சவுக்கு மரம் நின்ற கடல்முனை. காலாங் ஓரத்துக் கோலாம் ஆயரைக் கவனியுங்கள். மலாய்க்காரர்களின் கோலாம் நம் குளம்தான். தேக்காவும் அப்படியே, அங்கே ஒரு காலத்தில் தேக்கு மரங்கள் இருந்திருக்க வேண்டும்.

ஊர்சுற்றி (திங்கள், காலை 8.40)

தேக்காவை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா. அது ஹொக்கியன் சொல், மூங்கிலடி என்று பொருள். ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் வளர்ந்திருந்தது. நம் ஆட்கள் அந்த வட்டாரத்துக்கு வைத்திருந்த பெயர் சுண்ணாம்புக் கம்பம் (கம்பம் என்றால் மலாய்க் கம்போங், சிற்றூர்), சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால்.

இதிலும் நிலம்தான் பேசுகிறது. லிட்டில் இந்தியா ஏன் அங்கே அமைந்தது? தண்ணீரும் புல்லும் இருந்த தாழ்நிலம் அது. அதனால் மாட்டுத் தொழில் அங்கே வந்தது, தொழிலோடு நம்மவர்கள் வந்தார்கள். எருமைத் தெரு, கெர்பாவ் சாலை எல்லாம் அதன் மிச்சம். பாதிப் பேர் பிறந்த கேகே (கண்டாங் கெர்பாவ்) மருத்துவமனையின் பெயரே மலாயில் 'எருமைக் கொட்டில்'தான். 'தோபி காட்' ரயில் நிலையத்தில் இறங்கும் பிள்ளைக்கு அது ஒரு துறை என்று சொல்லிக்கொடுங்கள். அங்கே ஓடிய ஓடையில் நம் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள். ஓடை இப்போது தரைக்குக் கீழே, ஸ்டாம்ஃபர்டு கால்வாயாக ஓடுகிறது.

பெயர் தேடி (திங்கள், காலை 9.00)

நன்றி. சின்ன வயதிலிருந்து தேக்கு என்றே நினைத்திருந்தேன். மகனிடம் இன்று மாற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலம் (திங்கள், இரவு 10.20)

இலையின் பின்னால் போகும் யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோள். மழை பெய்யும்போது வேண்டாம், விட்ட பிறகும் சற்றுப் பொறுத்தே போங்கள். நம் கால்வாய்களில் தண்ணீர் நிமிடங்களில் ஏறிவிடும். 1978 டிசம்பர் 2 அன்று ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் கொட்டியது. அப்போது நான் சிறுவன், கம்பத்தில் இருந்தோம். கட்டில் மேல் கோழிகளை ஏற்றிவைத்து, அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் போனார். மேடு எது, பள்ளம் எது என்பதை அந்த இரவில்தான் நான் கற்றேன். கால்வாய்ச் சுவரில் ஆழம் காட்டும் கோடுகளை எழுதியிருப்பார்களே, அதைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே எழுதலாம்.

தோபாயோ அப்பா (அடுத்த சனி, இரவு 9.15)

மழைக்காலம் ஐயா சொன்னபடி வானம் பார்த்துத்தான் கிளம்பினோம். கும்பகோணத்து வீட்டுக்காரரும் மகனும் வந்தார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அவர் அம்மாவும் கூட வந்தார். மொத்தம் ஐந்து பிள்ளைகள்.

காலை 7.30க்குக் கீழ்ப் பியர்ஸில் தொடங்கினோம். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு வெள்ளைத்தாள், பென்சில். ஆறு போகும் வழியை அவர்களே வரைய வேண்டும் என்பது மட்டும்தான் வேலை. பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்கு வந்ததும் எல்லோருக்கும் வியப்பு. நேராக ஓடிய சிமென்ட் கால்வாயை உடைத்து, 2012இல் அங்கே வளைந்து நெளியும் ஆறாக மாற்றியிருக்கிறார்கள். 2.7 கிலோமீட்டர் கால்வாய் வளைவுகளால் 3.2 கிலோமீட்டர் ஆறாகிவிட்டது. புல் கரை, கூழாங்கல், நடுவே கால்வைத்துத் தாண்டக் கற்கள். வெள்ளம் வந்தால் எச்சரிக்க விளக்கும் ஒலிப்பானும் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துத் தாளில் குறித்தார்கள்.

பாட்டி கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஒரு கல்லில் இறங்கி நின்றார். குனிந்து ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். பேரனும் அப்படியே செய்தான். என் மகள் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன், அவளும் செய்தாள்.

தோபாயோ எல்லைக்கு வந்தபோது மீண்டும் சிமென்ட் கரை. "ஏன் அங்க மட்டும் புல், இங்க சிமென்ட்?" என்று என் மகள் கேட்டாள். இடம் இல்லை, ஆற்றுக்கு அகலம் வேண்டும், இரண்டு பக்கமும் வீடுகள் வந்துவிட்டன என்று சொன்னேன். தாளில் அந்த இடத்தை மட்டும் அளவுகோல் வைத்து நேர்க்கோடாக வரைந்தாள். மதிய வெயில் ஏறியதால் அங்கேயே நிறுத்திக்கொண்டோம். பாட்டிக்கும் கால் வலித்தது.

மிச்சப் பாதி அடுத்த சனிக்கிழமை, காலை 7.30, பொத்தோங் பாசிர் எம்ஆர்டி. அங்கிருந்து கோலாம் ஆயர், காலாங் பேசின். வருகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள், பிள்ளைக்கு ஒரு தாளும் பென்சிலும். நெய்தல் அம்மா, முடிந்தால் நீங்களும் வரவேண்டும். ஆற்றின் வாயில் நெய்தல் எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகள் உங்களிடம் கேட்கக் காத்திருக்கிறார்கள்.

நெய்தல் (அடுத்த சனி, இரவு 9.50)

வருகிறேன். குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.